ஆர்ஃபாவின் மூலையில் கார்டு மெஷின்

லாரல் ஃபோர்க், கென்டக்கி
ஜூன் 23, ஞாயிறு

அன்புள்ள ரொவீனாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். முதலில் எங்காவது உட்கார்ந்துகொள். நேற்று நம் சனிக்கிழமைச் சந்தையில் உன் அப்பன் செய்த காரியத்தை நின்றுகொண்டு படித்தால் சிரித்தே விழுந்துவிடுவாய். நீ காட்டுத்தீ கண்காணிக்கும் அந்தக் கோபுரத்திலிருந்து விழுந்தால் மொன்டானா மலையடிவாரம் வரை நிற்காமல் உருள வேண்டியிருக்கும்.

கார்டு மெஷின் வந்துவிட்டது! உள்ளங்கை அளவுதான் இருக்கிறது, ஆனால் கன்றுக்குட்டி போல அடிக்கடி கத்துகிறது. பேங்க் கார்டும் தேய்க்கலாம், வருமானம் குறைந்தவர்களுக்கு அரசாங்கம் தரும் உணவு உதவி கார்டும் தேய்க்கலாம். மெஷினை இரவல் தரும் சங்கத்திலிருந்து ஒரு பெண்மணி நேரில் வந்து சொல்லிக்கொடுத்தார். ஆகஸ்ட் கடைசிச் சனிக்கிழமைக்குள் முப்பது வீட்டாராவது உணவு உதவி கார்டைத் தேய்த்திருந்தால் மெஷின் நமக்கே. இல்லாவிட்டால் வேறு ஊருக்குப் போய்விடும். "ஒங்க பேருதானே பொறுப்பாளர்னு இருக்கு?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். என்னைக் கேட்காமல் என் மகள் எழுதிக்கொடுத்த பெயர் என்று சொல்லவில்லை.

நீ மலைக்குக் கிளம்பும்போது வண்டிக் கதவைச் சாத்திக்கொண்டே சொன்னாயே, "நீங்க வேணும்னே தோத்துப்போவீங்க" என்று. அது நெஞ்சில் சிறாய் மாதிரி குத்திக்கொண்டிருந்தது. ஆகவே தடபுடலாக இறங்கினேன். என் காய்கறிக் கடைக்குப் பக்கத்தில் தனி மேசை போட்டேன். கதவு அகலப் பலகையில் "உணவு உதவி கார்டு உள்ளவர்கள் இங்கே" என்று சிவப்புப் பெயிண்டில் எழுதினேன். பள்ளிக்கூடத்துப் பந்தாட்ட வாத்தியாரிடம் கை ஒலிபெருக்கி இரவல் வாங்கினேன். பத்து மணிக்கு நல்ல கூட்டம். மேசை மேல் ஏறி நின்று முழங்கினேன்: "உணவு உதவி கார்டு வச்சிருக்கவங்கல்லாம் இந்தப் பக்கம் வாங்க! யாரும் வெக்கப்படாதீங்க!"

ரொவீனா, அந்த 'வெக்கப்படாதீங்க'வில்தான் எல்லாம் போயிற்று.

இரண்டு பிள்ளைகளோடு டெல்சி என்ற பெண் கார்டைக் கையில் எடுத்துக்கொண்டு என்னை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தாள். அதைப் பைக்குள் போட்டாள், எதிர்ப்புறம் ஏதோ முக்கியமானதைக் கண்டவள் போல விடுவிடுவென்று நடந்தாள். எதிர்ப்புறம் சவப்பெட்டிக் கடையின் மொட்டைச் சுவர்தான் இருக்கிறது. ஒருவரும் வரவில்லை. அப்பம் விற்கும் ஆர்ஃபா தன் மூலையிலிருந்து கேட்டாள்: "ஏன் ஹோபார்ட், சனங்கள கூப்பிடுறியா, மாடு வெரட்டுறியா?"

நான் இறங்கி, "என் மக என் தோலை உரிச்சுக் காயப்போடப்போறா" என்று வாய்க்குள் முனகினேன். ஒலிபெருக்கியை அணைக்கவில்லை. சந்தை முழுக்கக் கேட்டது. தீவனக் கடை வாசலில் நின்ற பர்ல் கோடில் என்பவன் கூடத் தொப்பியை முகத்துக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டான். சிரித்தானா தெரியவில்லை. சுரங்கத்தில் என்னோடு வேலை பார்த்தவன்தான். அவனும் நானும் பேசிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. ஏன் என்று கேட்காதே.

உன் அப்பா,
ஹோபார்ட்

*

தீக் கண்காணிப்புக் கோபுரம்
ஜூலை 3

அப்பா,

கழுதைக்காரர் நேற்றுதான் மேலே வந்தார். மாவு, பேட்டரி, வெங்காயம், உங்கள் கடிதம். நான் படித்துச் சிரித்த சிரிப்பில் அவருடைய கோவேறு கழுதை ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டது.

சிரித்து முடித்ததும் கோபம் வந்தது. பலகையா? அதுவும் சிவப்பிலா? உங்கள் முதுகில் அப்படி ஒரு பலகையை மாட்டினால் நீங்கள் சந்தைக்குள் நுழைவீர்களா? யோசித்துப் பாருங்கள். உங்களைத்தான் கேட்கிறேன், அப்பா.

இனி நான் சொல்வதைச் செய்யுங்கள். பலகையை அடுப்பில் போடுங்கள். ஒரே மேசை, ஒரே வரிசை. பேங்க் கார்டுக்காரரும் அதில்தான் நிற்க வேண்டும், உணவு உதவிக்காரரும் அதில்தான். கார்டைத் தேய்த்ததும் மர வில்லை கொடுங்கள், ஒரு வில்லை ஒரு டாலர். அதைக் கொடுத்து எந்தக் கடையிலும் வாங்கிக்கொள்ளட்டும். விதிப்படி உணவு உதவி வில்லைக்குச் சில்லறை தரக்கூடாது, சோப்பும் பூவும் விற்கக்கூடாது. ஆகவே விற்பவருக்கு அடையாளம் தெரிய வேண்டும். அந்த அடையாளம் பின்பக்கத்தில் சின்னதாக இருக்கட்டும். எட்ட நின்று பார்ப்பவருக்கு எல்லா வில்லையும் ஒன்றுதான்.

கடைசியாக ஒன்று. யாரையும் கூப்பிடாதீர்கள். தெரிந்தவராக இருந்தாலும், எவ்வளவு அவசரமாக இருந்தாலும் கூப்பிடாதீர்கள். அவர்களாக வரட்டும்.

இங்கே மூன்று நாளாக இடி. மின்னலடிக்கும்போது, மின்சாரம் பாயாதிருக்கக் கண்ணாடிக் குமிழ்கள் மேல் நிறுத்திய முக்காலியில் கால் தூக்கி உட்கார்ந்துகொள்கிறேன், கோழி மாதிரி. ரேடியோ தீயைப் பற்றிப் பேச மட்டும்தான். மற்றபடி பேச்சுத் துணைக்கு ஒரு அணில்.

உங்களைக் கேட்காமல் பெயர் எழுதியது தப்புதான். பாதித் தப்பு.

ரொவீனா

*

லாரல் ஃபோர்க்
ஜூலை 14, ஞாயிறு

என் பாதித் தப்பு மகளுக்கு,

ஒன்பது! நேற்று மட்டும் ஒன்பது வீட்டார்! வீட்டுக்கு வந்து தனியாகச் சமையலறையில் இரண்டு சுற்று ஆடினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது, அது வேறு கதை.

பலகை அடுப்புக்குப் போயிற்று. புயலில் ஒடிந்த பாப்லர் மரக் கிளையை வில்லை வில்லையாக அறுத்தேன். ஆணியைப் பழுக்கக் காய்ச்சி, முன்பக்கம் எல்லாவற்றிலும் ஒரு இலை சுட்டேன். பின்பக்கம் பேங்க் கார்டுக்குத் தக்காளி, உணவு உதவிக்குப் பீன்ஸ். நான் எட்டாவதோடு நின்றதற்குப் படம் வரையும் பாடம் ஒரு காரணம் என்பது உனக்குத் தெரியும். என் தக்காளியைப் பார்த்துத் தேன்காரர், "ஏன்யா தவளைய வரஞ்ச?" என்று கேட்டார். பீன்ஸைப் பார்த்து யாரும் எதுவும் கேட்கவில்லை, புழு என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். ஆகவே நம் சந்தையில் இப்போது தவளையும் புழுவும்தான் செல்லுபடி.

ஆர்ஃபாதான் மசியவில்லை. "மரத்துண்டு வாங்குறதுக்கு எங்கிட்ட அடுப்பு இருக்கு, கடையில எதுக்கு?" என்றாள். சனிக்கிழமை மாலையில் வில்லைகளை என்னிடம் கொடுத்தால் சந்தைக் கணக்கிலிருந்து காசோலை எழுதித் தருவேன் என்று மூன்று தரம் விளக்கினேன். நான்காம் தரம் கேட்டாள், "சூடா வித்தா?"

அங்கேதான் வந்தது வினை. உணவு உதவியில் சூடான பண்டம் வாங்கக்கூடாது, ஆறியது வாங்கலாம். ஆர்ஃபாவின் ஆப்பிள் அப்பமோ எண்ணெயிலிருந்து நேராக ஜனங்களின் வாய்க்குப் போவது. விஷயத்தைச் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அதே அப்பந்தானே?"

"அதே அப்பந்தான்."

"சூடா இருந்தா குத்தம், ஆறுனா சரியா?"

"அப்படித்தான் சட்டம்."

"இந்தச் சட்டத்த எழுதுனவன் பொரிச்ச அப்பம் தின்னதே இல்ல, ஹோபார்ட்."

ஆனால் நேற்றுக் காலை என்ன செய்திருந்தாள் தெரியுமா? ஒரு தட்டு நிறைய அப்பத்தை விடியற்காலையிலேயே பொரித்து, மேப்பிள் மரத்தடியில் மின்விசிறி வைத்து ஆற்றிக்கொண்டிருந்தாள். ஈ ஓட்டிக்கொண்டே என்னிடம், "என்ன பாக்குற? காத்து வாங்குறேன்" என்றாள்.

டெல்சி வந்தாள், ரொவீனா! நான் கூப்பிடவில்லை, சத்தியமாக. வரிசையில் அவளுக்கு முன்னால் பாதிரியார் பேங்க் கார்டோடு, பின்னால் சவப்பெட்டிக் கடைக்காரர். யார் கையில் தவளை, யார் கையில் புழு என்று யாருக்கும் தெரியாது. அவள் மிளகாய் வாங்கினாள், முட்டை வாங்கினாள், என்னிடம் வந்து முட்டைக்கோஸ் நாற்றைக் காட்டி மெதுவாக, "இதுக்கு ஆகாதில்ல?" என்றாள். ஆகும்! உணவு தருகிற நாற்று எதுவானாலும் ஆகும்! விதிப் புத்தகத்தில் இதைப் பார்த்ததிலிருந்து யாராவது கேட்கமாட்டார்களா என்று தவித்துக்கொண்டிருந்தேன். ஒரு தட்டு நாற்று கொண்டுபோனாள். அவள் பெரிய பையன் அதைப் பிறந்தநாள் கேக் போல இரண்டு கையாலும் ஏந்திப் போனான்.

நீ சொன்னது சரி. முழுதாகச் சரி. பாதி எல்லாம் இல்லை.

அப்பா

*

கோபுரம்
ஜூலை 27

அப்பா,

ஒன்பதா! நான் வெளித் திண்டில் நின்று கத்தினேன். பள்ளத்தாக்கு திருப்பிக் கத்தியது. ரேடியோவில் கூடச் சொல்லிவிட்டேன், "வடகிழக்கில் புகை இல்லை, எங்கள் சந்தையில் ஒன்பது" என்று. கீழேயிருந்து, "ஒன்பது என்ன, எங்கே எரிகிறது?" என்று கேட்டார்கள். திட்டும் வாங்கினேன்.

ஆர்ஃபா அத்தையிடம் சொல்லுங்கள், ஆறிய அப்பம்தான் எனக்குப் பிடிக்கும் என்று. பொய்தான்.

இங்கே பொழுது நிறைய. எட்டுத் திசையையும் பார்த்து முடித்தால் பழசெல்லாம் நினைவுக்கு வருகிறது. அம்மா இறந்து, சுரங்கத்தில் உங்களை வேலையைவிட்டு நிறுத்திய அந்தக் குளிர்காலம். எனக்கு ஒன்பது வயது. நம் ஊரில் இரண்டு பலசரக்குக் கடை இருந்தும் இரண்டையும் தாண்டி, ஆற்றுப் பாலத்தையும் தாண்டி, அடுத்த மாவட்டத்துக் கடைக்கு முக்கால் மணி நேரம் வண்டியில் போவோம். "அங்கதான் நல்ல ஐஸ்கிரீம் கெடைக்கும்" என்பீர்கள். என்னை வண்டியிலேயே தூங்கச் சொல்வீர்கள். ஐஸ்கிரீம் வீட்டுக்கு வருவதற்குள் சூப் மாதிரி ஆகியிருக்கும், ஹீட்டர் பக்கத்தில் வைத்தால் வேறென்ன ஆகும்? கிண்ணத்தில் ஊற்றிக் குடிப்போம்.

நான் வண்டியில் தூங்கவில்லை, அப்பா. கடைக்குக் கண்ணாடி முகப்பு.

இந்த மெஷினுக்காக ஏன் உங்களோடு சண்டை போட்டேன், ஏன் உங்கள் பெயரையே எழுதினேன் என்று நீங்கள் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

ரொவீனா

*

லாரல் ஃபோர்க்
ஆகஸ்ட் 11, ஞாயிறு

அன்புள்ள ரொவீனாவுக்கு,

அங்கே ஐஸ்கிரீம் உண்மையிலேயே நன்றாக இருக்கும். அதைப் பற்றி இப்போது அவ்வளவுதான்.

இருபத்திரண்டு! இன்னும் எட்டுப் பேர்தான். ஆனால் நடுவில் உயிர் போய் உயிர் வந்தது. இரண்டு வாரம் முன்பு மெஷின் 'தொடர்பு இல்லை, தொடர்பு இல்லை' என்று அடம்பிடித்தது. சந்தை முழுக்க அதைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு அலைந்தேன். என் வண்டியின் கூரை மேல் ஏறினால் மட்டும் சிக்னல் கிடைத்தது. டெல்சியை வண்டி மேல் ஏற்ற முடியுமா? அது ஒலிபெருக்கியைவிட மோசம். வரிசையில் நின்ற நான்கு பேர் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

அலைந்து அலைந்து கண்டுபிடித்தேன், தரையில் சிக்னல் நிற்கிற இடம் சந்தையில் ஒன்றே ஒன்று. மேப்பிள் மரத்தடி, ஆர்ஃபாவின் மூலை. பதினான்கு வருடமாக அவள் இடம். நிழல், காற்று, வருகிறவர் போகிறவர் எல்லாரும் கண்ணில் படும் இடம். அதற்காக ஒருமுறை தேன்காரரைக் கரண்டியால் துரத்தியிருக்கிறாள். நான் போய் நின்றேன். தொப்பியைக் கழற்றினேன், திரும்பப் போட்டேன்.

"என்ன, யாராவது செத்துட்டாங்களா?" என்றாள்.

சொன்னேன். அடுத்த அப்பத்தை எண்ணெயில் போட்டாள். நேற்று காலை ஐந்தரைக்குப் போய்ப் பார்க்கிறேன், அவள் கடை வெயிலில், சவப்பெட்டிக் கடைச் சுவரோரம் இருக்கிறது! மூலை காலி, பெருக்கி வேறு விட்டிருக்கிறாள். "வெயில்ல அப்பம் ஆறாது, ஆர்ஃபா" என்றேன். "நீ ஒண்ணும் என் அப்பத்தப் பத்திக் கவலப்படாத. ஒன் கன்னுக்குட்டியக் கொண்டுபோயி நெழல்ல கட்டு" என்றாள். எனக்குக் கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது. மேப்பிள் தூசியாக இருக்கும்.

ஒரு கெட்ட செய்தி. சுரங்கத்தில் இந்தத் தடவை அறுபது பேரை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள். பர்லும் அதில் ஒருவன்.

நீ ஏன் சண்டை போட்டாய் என்று நான் கேட்காததற்குக் காரணம், எனக்குப் பதில் தெரியும் என்பதுதான்.

அப்பா

*

லாரல் ஃபோர்க்
செப்டம்பர் 1, ஞாயிறு

என் கண்ணே ரொவீனா,

முடிவை முதலில் சொல்லமாட்டேன். நான் பட்ட பாட்டை நீயும் பட வேண்டும்.

நேற்று கடைசிச் சனிக்கிழமை. காலையில் எண்ணிக்கை இருபத்தாறு. நாலே நாலு வேண்டும். சங்கத்துப் பெண்மணி நோட்டோடு வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பத்து மணிக்கு ஒரு கிழவர். பதினொன்றுக்கு ஒரு இளஞ்சோடி, கைக்குழந்தையோடு. பன்னிரண்டரைக்குப் பேருந்து ஓட்டும் பெண். இருபத்தொன்பது! அதோடு நின்றுவிட்டது. ஒரு மணிக்கு ஆர்ஃபா மணி அடித்தால் சந்தை முடிந்தது. டெல்சியைக் கேட்டுப் பார்த்தேன், அவள் சித்தி வருவாளா என்று. "சித்தி போன வாரமே தேச்சிட்டாங்க அங்கிள்" என்றாள்.

அப்போதுதான் பார்த்தேன், தீவனக் கடை முன்னால் பர்லின் வண்டி. உள்ளேயே உட்கார்ந்திருந்தான். இறங்கினான், என் பீன்ஸ் கூடை வரை வந்தான், ஒன்றை எடுத்து ஒடித்துப் பார்த்தான், வண்டிக்கே திரும்பிவிட்டான். அப்படி மூன்று தரம். சட்டைப்பையை ஒரு கை விடாமல் பிடித்திருந்தது. அந்தப் பிடி எனக்குத் தெரியும், ரொவீனா. பையில் என்ன இருந்தால் கை அப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியும்.

மணி பன்னிரண்டு ஐம்பத்தைந்து. ஒரே ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் இருபது அடியில் இருக்கிறான். "பர்ல், வாய்யா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நீ எழுதியதை நினைத்து நாக்கைக் கடித்துக்கொண்டேன். எவ்வளவு அவசரமாக இருந்தாலும் என்று எழுதினாயே, பாவி, அந்த அவசரம் இதுதான் என்று அப்போதே உனக்கு எப்படித் தெரிந்தது?

ஒரு மணி. மணி அடிக்கவில்லை. ஆர்ஃபா கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேரம் ஆயிடுச்சே?" என்றார் சங்கத்துப் பெண்மணி.

"கயிறு சிக்கிக்கிச்சும்மா."

"எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"ஒங்களுக்குத் தெரியாது. இது பழைய சிக்கு. மணி அடிக்காம இந்த ஊர்ல சந்தை முடியாது. நீங்க உக்காருங்க, ஆறுன அப்பம் ஒண்ணு தின்னுங்க."

தேன்காரர் கடையைக் கட்டுவதை நிறுத்தினார். டெல்சியும் போகவில்லை. யாரும் தீவனக் கடைப் பக்கம் பார்க்கவில்லை. ஊரே சேர்ந்து பார்க்காமல் இருந்தது, ரொவீனா. அது சுலபமான வேலை இல்லை. பாதிரியார் ஒரே பூசணிக்காயை ஐந்து நிமிடம் தட்டிக்கொண்டிருந்தார்.

ஒன்று ஐந்துக்கு வண்டிக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. வந்தான். பன்னிரண்டு வருடம் கழித்து என் முன்னால் நின்றான்.

"பீன்ஸ்ல நார் இருக்கா?" என்றான்.

"நம்மூர் பீன்ஸ் நாரில்லாம ஏது?"

"அதும் சரிதான்."

கார்டை மேசை மேல் குப்புற வைத்தான். அவன் ரகசிய எண்ணை அழுத்த வேண்டிய நேரத்தில் நான் முழுசாகத் திரும்பிக்கொண்டு, சுவரோரம் இருந்த ஆர்ஃபாவின் அப்பத் தட்டையே பார்த்தேன். மெஷின் அன்றைக்கென்று மெதுவாக வேலை செய்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். அங்கிருந்து ஆர்ஃபா, "என்ன ஹோபார்ட், அப்பம் வாங்கப்போறியா, படம் வரயப்போறியா? மறுபடி தவளையா?" என்று கத்தினாள். பர்ல் சிரித்துவிட்டான். மெஷினும் கத்தியது.

முப்பது! ஆர்ஃபா மணியை அடித்த அடியில் கயிறு நிஜமாகவே அறுந்துவிட்டது. டெல்சி குதித்தாள், தேன்காரர் பாதிரியாரைக் கட்டிக்கொண்டார். பர்லுக்கு எதற்கு இந்தக் கூத்து என்றே தெரியாது, கடைசிச் சனிக்கிழமைக் கொண்டாட்டம் என்று நினைத்தான். யாரும் சொல்லவில்லை, சொல்லப்போவதும் இல்லை. அடுத்த வாரம் முதல் மெஷின் நம்முடையது! ஆர்ஃபாவுக்குப் புதுக் கயிறு வாங்க வேண்டும், சுவரோரம் அவள் கடைக்குக் கூரை போட வேண்டும். நீ இறங்கி வந்ததும் ஏணி பிடிக்கத் தயாராக இரு.

இப்போது ஐஸ்கிரீம். நம் ஊர்க் கடையிலும் அதே ஐஸ்கிரீம்தான். நீ கண்ணாடி வழியே பார்த்தது சரி. ஆனால் அங்கிருந்து உனக்குத் தெரியாத ஒன்று உண்டு. ஒரு நாள் அந்த அடுத்த மாவட்டத்துக் கடையில் நான் உணவு உதவி கார்டை எடுத்துக்கொண்டு நின்றபோது, பின்னால் திரும்பினால் பர்ல். என்னையும் பார்த்தான், கார்டையும் பார்த்தான். உடனே அலமாரிப் பக்கம் திரும்பி, ஒரு பூனைத் தீனி டப்பாவை எடுத்துப் படிக்க ஆரம்பித்தான். நான் மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு வெளியேறும் வரை படித்துக்கொண்டே இருந்தான். அவனுக்குப் பூனை கிடையாது. பூனை பக்கத்தில் வந்தாலே தும்முவான், சுரங்கத்தில் எல்லாருக்கும் தெரியும். மறுநாள் ஊரெல்லாம் பேசும் என்று நான் பயந்தேன். ஒரு வார்த்தை வெளியே வரவில்லை. இருந்தும் அவன் என்னைக் கேவலமாக நினைக்கிறான் என்று நானாக முடிவு கட்டி, அவன் வந்தால் தெருவின் மறுபக்கம் நடந்தேன். அந்த அப்பத் தட்டை முறைத்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு உறைத்தது, அந்தப் பூனைத் தீனி டப்பாவில் படிக்க அவ்வளவு எழுத்தே இருந்திருக்காது.

பீன்ஸ் சுட்ட வில்லைகளை எண்ணி அவன் கையில் வைத்தேன். அவன் ஒன்றைத் திருப்பிப் பார்த்து, "புழுவா?" என்றான். "ஆமா, சீக்கிரம் போயி வாங்கு, தீந்துடும்" என்றேன். போய்விட்டான்.

"அன்னிக்கு அந்தப் பூனைத் தீனி டப்பாவைப் படிச்சதுக்கு நன்றிடா, பர்ல்" என்று நான் சொல்லவில்லை.